நாற்பதுக்கு ஆறு குறைவு

ஜூன் 3

காலையில் தோசைக்கரண்டி மறுபடியும் கையிலிருந்து நழுவிவிட்டது. "உடு வடிவு, நான் பாத்துக்கறேன்" என்றாள் சரசா அண்ணி. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

முடக்குவாதம் வந்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் வேலையை விட்டதிலிருந்து பாரிவாக்கத்தில் அண்ணன் வீட்டுச் சோறுதான். மாற்றுத்திறனாளி அட்டை கிடைத்தால் மாதாமாதம் உதவித்தொகை வரும். மாத்திரை தீரும்போதெல்லாம் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். ஆனால் ஊனம் நாற்பது சதவீதமாவது இருப்பதாக டாக்டர் எழுத வேண்டும். அதற்கான முகாம் பதினொன்றாம் தேதி. எனக்கு எத்தனை தேறும்? யாரிடம் கேட்பது?

ஜூன் 10

"நாலு பேரு முன்னாடி கோணிக்கினு நிப்பியா? வா, வலிக்கு ஒரு ஊசி போட்டுக்கினு வந்துடலாம்" என்று அண்ணி தெருமுனை கிளினிக்குக்கு இழுத்துப் போனாள். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. பெரிய டாக்டர்கள் முன்னால் அழுதுவடிந்துகொண்டா போய் நிற்பது?

ஜூன் 11

புத்தி கெட்டவள் நான்.

தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டி, வளையல்கூடப் போட்டுக்கொண்டு போனேன். "எப்படிம்மா இருக்கீங்க?" என்றார் டாக்டர். "நல்லா இருக்கேன் சார்." இந்த வாயைத் தைத்தால் என்ன?

ஜாமெட்ரி பாக்ஸில் இருப்பதுபோல ஒரு பிளாஸ்டிக் கருவியை முழங்கையில் வைத்து, "கையை நீட்டுங்கம்மா" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் மெச்சிக்கொள்ள வேண்டும் என்பதுபோல நீட்டினேன். முட்டியை மடக்கச் சொன்னார். மடக்கினேன்.

முப்பத்தி நாலு.

"ரொம்ப வலிக்குது சார்" என்றேன். அப்போதுதான் சொல்லத் தோன்றியது. "வலிய அளக்க வழியில்லம்மா. மூட்டு எவ்ளோ அசையுதுன்னுதான் நாங்க பாக்க முடியும்."

ஜூன் 14

ஊசியோட வேகம் இறங்கிப் போச்சு. சீப்பு பிடிக்க முடியல. இன்னிக்கு வந்து அளந்து பாருங்களேன்!

ஜூன் 22

அண்ணி சமையலறையில் அண்ணனிடம் சொன்னது காதில் விழுந்தது. "டாக்டரே பாஸ் பண்ணல. அப்ப இன்னா அர்த்தம்? கொஞ்சம் நடிப்பும் கீதுய்யா."

அண்ணன் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஜூலை 2

எப்போதும் பார்க்கும் மூட்டு டாக்டரம்மாவிடம் போனேன். விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஊசி போட்டுட்டா போவாங்க? வீட்ல எப்படி இருப்பீங்களோ அப்படியே போங்க." மறுபரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். எக்ஸ்ரேயும் எடுத்தாயிற்று.

ஜூலை 28

நாளைக்கு மறுபரிசோதனை. வலி மாத்திரை போடவில்லை.

நாளைக்குன்னு பார்த்து நல்லா இருந்துட்டா? அப்படியும் சில நாள் விடிகிறதே. கை சுலபமா நீண்டுட்டா? அப்புறம் இந்த வீட்டில் யார் முகத்தில் முழிப்பேன்?

ஜூலை 29

காலையில் ஜாக்கெட்டுக்குள் கை நுழையவில்லை. அண்ணியைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. அவள் தோளைத் தொட்டதும் கத்திவிட்டேன். கொக்கியை அவளே மாட்டிவிட்டாள்.

"இப்பிடியாடி கீது உனுக்கு? ஏன் சொல்லல?"

"சொன்னேனே அண்ணி."

ஆட்டோவில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் என்னை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

இம்முறை வேறு டாக்டர். முழங்கையை நீட்டச் சொன்னார். பாதியில் நின்றது. அவரே பிடித்து மெல்ல அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஏதோ எழுதினார். எத்தனை என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

ஆகஸ்ட் 5

தபால்காரர் வந்தார். மின்வாரியக் கடிதம்தான், சான்றிதழ் இல்லை.

ஆகஸ்ட் 14

வந்துவிட்டது. நாற்பத்தெட்டு!

அண்ணன் பரீட்சை ரிசல்ட் மாதிரி உரக்கப் படித்தான். "பாஸாயிட்டம்மா நீ!" அண்ணி கேசரி கிண்டினாள். எனக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

பிறகுதான் சான்றிதழைக் கையில் வாங்கி முழுசாகப் படித்தேன். பாதிப்பு நிரந்தரமானது, குணமடைய வாய்ப்பில்லை என்று போட்டிருந்தது.

அண்ணி கடைக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு கையை நீட்டிப் பார்த்தேன். அதே இடத்தில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். இத்தனை நாளும் நீண்டுவிடக் கூடாதே என்று பயந்தேன். இன்றைக்குக் கொஞ்சம் நீண்டால் போதும் என்றிருந்தது. நீளவில்லை. உட்கார்ந்து அழுதேன்.