நான் ஓம் எண்டு சொன்ன படம்

என்ட ராத்தாவுக்கு,

மண்ணுக்குள்ள இருக்கிறவங்களுக்கும் ஸலாம் போய்ச் சேருமெண்டு சொல்லுவாங்க. அந்த நம்பிக்கையில முதல்ல ஸலாம். கடல் அள்ளின எல்லாரையும் ஒரே குழியில வச்ச நேரம், உங்கள எந்த மூலையில வச்சாங்களெண்டு எங்களுக்குத் தெரியா. கபுறடியில வந்து நிண்டு கதைக்க ஏலாத தங்கச்சி, குசினிப் படியில குந்திக்கொண்டு எழுதுறன். தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்குது. சின்னவன் தூங்குறான். உங்கட மகள் ஹஸ்னா குர்ஆன் ஓதப் போயிருக்கிறாள். அவள் வாறதுக்குள்ள எழுதி முடிக்கணும்.

சின்னவன் ஆரெண்டு கேப்பீங்க. என்ட மகன், ராத்தா. ரெண்டு வயசு. அவன்ட வாப்பா ஆரெண்டும் கேப்பீங்கதானே? அதைச் சொல்லத்தான் இவ்வளவு காலமும் எனக்கு வாய் வரல்ல. உங்கட மாப்பிள்ளைதான். மச்சான்தான்.

கோவிக்காதீங்க. கோவிச்சாலும் பரவாயில்ல, முழுசாக் கேளுங்க.

கடல் வந்த அண்டைக்குக் காலம்பற ஹஸ்னாக்குச் சளி. ஒரு வயசுப் புள்ளை மூச்சு விட ஏலாமக் கத்துறாள். "எனக்கு உடுப்புக் கழுவக் கிடக்கு, நீ கொண்டு போய் மருந்தெடுத்துக் குடுகா" எண்டு அவளை என்ட இடுப்பில ஏத்தி விட்டீங்க. நான் உள்ரோட்டுப் பக்கம் போனன். மச்சான் சவளக்கடை வயல்ல நிண்டார். நீங்க மட்டும் கடற்கரை வீதியில, உங்கட சீதன வீட்டுக் கிணத்தடியில. அந்த வீடும் இல்ல, கிணறும் இல்ல இப்ப.

எங்கட ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே, வீடு பொம்புளைக்கு, மாப்பிள்ளை வந்து இருப்பார். பொஞ்சாதியும் போய் வீடும் போன மனிசன் எங்க போற? தகரக் கொட்டில்ல இருக்கக்குள்ள பெரியாக்கள் எங்கட வாப்பாவோட கூடிப் பேசினாங்க. "புள்ளைக்கு உம்மா வேணும், கொமருக்கு மாப்பிள்ளை வேணும். பெத்தவட தங்கச்சி, சாச்சியவிட நல்ல உம்மா எங்க கிடைக்கும்?" எண்டாங்க. ஒரு கல்லுல ரெண்டு மாங்காய் விழுந்திட்டெண்டு அவங்களுக்குச் சந்தோசம். நான் கல்லா மாங்காயா எண்டு இண்டைக்கும் எனக்கு விளங்குதில்ல.

இன்னமும் அவரை மச்சானெண்டுதான் கூப்பிடுறன். வேற பேர் வாயில வருகுதில்ல. நல்ல மனிசன், ராத்தா. நான் அவரோட சந்தோசமா இருக்கிறன். இதைக் கேக்க உங்களுக்குச் சுகமா இருக்குமா, நோகுமா? சொல்லக்குள்ள எனக்கே ரெண்டும் ஒண்டா வருகுது.

ஹஸ்னா கதைக்கத் தொடங்கின நாள் தொட்டு என்னை உம்மா எண்டுதான் கூப்பிடுறாள். நான் திருத்தல்ல. ஊரும் வாயைத் திறக்கல்ல. எங்கட ஊர் வாய் மூடிக்கொண்டிருந்த ஒரே விசயம் இதுதான் எண்டு நினைக்கிறன். "பத்து வயசாகட்டும், மறுகா சொல்லுவம்" எண்டார் மச்சான். எனக்கும் அது வசதியாப் போச்சு.

சொல்றதெண்டாலும் என்னத்தைக் காட்டிச் சொல்ற? உங்கட படம் ஒண்டு கூட இல்ல. கல்யாண அல்பம், அடையாள அட்டை எல்லாம் வீட்டோட போச்சு. இவதான் உன்னைப் பெத்த உம்மா எண்டு வெறுஞ்சுவரைக் காட்டுறதா? அதைவிட இன்னொரு பயம். உங்கட சிரிப்புச் சத்தம் எனக்கு ஞாபகம் இருக்கு, குரல் இருக்கு. முகம்தான் கொஞ்சங் கொஞ்சமாக் கலங்கிக்கொண்டு போச்சு.

அப்பதான் கட்டாருக்குப் போன மச்சான்ட தம்பி ஒரு சின்ன டிஜிட்டல் கமரா கொண்டு வந்து தந்தார். மூண்டு வருசமாகுது. ஒரு நாளைக்கு ஒரு படம், ஒண்டே ஒண்டு எண்டு எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டன். அதுக்கு மேல எடுத்தா பற்றரி செத்துப் போகும், கறியும் தீஞ்சு போகும். சின்னவன் வயித்தில இருக்கக்குள்ளயும் எடுத்தன். பெத்து நாப்பது நாள் அறைக்குள்ள கிடக்கக்குள்ள நுளம்பு வலையை எடுத்தன். நோன்பிலயும் விடல்ல. கஞ்சி இறக்கி வச்சு, ஆவி அடங்க முதல் ஒண்டு.

ஆரம்பத்தில கையில அம்பிட்டதையெல்லாம் எடுத்தன். பாயில செக்கச்செவேலெண்டு காயிற கொச்சிக்காய், வேலியில கிடக்கிற உடுப்பு. வளவைத் தாண்டேலா. கமராவோட ரோட்டுக்குப் போனா சென்றியில நிக்கிற ஆமிக்காரன் என்ன எடுக்கிறாயெண்டு கேப்பான். ஒரு நாள் முத்தத்தில நெல்லுக் காயப் போட்டுக் கிடக்கு, நானும் வெயிலுக்குள்ள நிண்டு நிழல் சரியா விழும்வரைக்கும் பாத்துக்கொண்டு நிக்கிறன். மச்சான் படலையைத் திறந்துகொண்டு வந்தார். "எள்ளுக் காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை காயுது என்னத்துக்கு?" எண்டார். எனக்கு வந்த கோவத்துக்கு அண்டைக்கு அவருக்குத் தேத்தண்ணி கிடைக்கல்ல.

முகங்களை எடுக்கிறதில சிக்கல். படத்தைக் கழுவக் குடுத்தா பொம்புளைகள்ற முகத்தை ஸ்டூடியோவில நிக்கிற ஆம்புளைகளெல்லாம் பாப்பாங்க, வேணாமெண்டார் மச்சான். சரியெண்டு முகமில்லாம எடுக்கப் பழகினன். ரொட்டிக்கு மாப் பிசையிற கை. தொழ முதல் கழுவின குதிகால். அப்பிடி ஒரு நாள் ஹஸ்னாட தலையை வாரக்குள்ள அவள்ற காதை எடுத்தன். எடுத்துப் பாத்தா, அல்லாவே, இது ராத்தாட காது!

அண்டையிலிருந்து விசர் பிடிச்சவளாட்டம் உங்களத் தேடத் தொடங்கினன். இண்டைக்கு நாடி. நாளைக்குப் புறங்கழுத்து. அடுத்த நாள் தூங்கக்குள்ள சுருங்குற புருவம். எல்லாத்தையும் சேத்தா நீங்க வந்திருவீங்கெண்டு நினைச்சன். "உம்மா, முழுசா எடுங்களன்! நான் என்ன காது மட்டுமா?" எண்டு ஹஸ்னா சண்டை பிடிப்பாள். நான் சிரிச்சு மழுப்பிருவன். அவளுக்கு என்னத்தைச் சொல்ற?

மறுகா நாட்டில நடந்த யுத்தம் முடிஞ்சிட்டெண்டாங்க. வெடியும் கொளுத்தினாங்க, சிலர் கதவைச் சாத்திக்கொண்டும் இருந்தாங்க. எங்க நிக்கிறதெண்டு எனக்குத் தெரியல்ல. கொஞ்ச நாளையால கமராவைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனன், நீங்க போன பிறகு முதல் தரமா. கடல் ஒண்டும் தெரியாத பச்சப் புள்ளையாட்டம் கிடந்திச்சு. ஒரு படமும் எடுக்கல்ல. வீட்ட வந்து சட்டி கழுவினன்.

இப்ப விசயத்துக்கு வாறன்.

உங்களோட தையல் வகுப்புக்கு வந்த காரைதீவு வதனி ஞாபகமா? கல்யாணம் முடிச்சுத் திருகோணமலைக்குப் போனவ. யுத்தத்தால ரோட்டுக்குப் பயந்து ஊர்ப் பக்கமே வராம இருந்தவ, இந்த வருசம் கோயில் சடங்குக்குப் புள்ளைகளோட வந்திருக்கா. நீங்க மௌத்தான செய்தி தெரியும், ஆனா எங்கட புது வீடு தெரியா. விசாரிச்சுக்கொண்டு முந்தாநாள் வந்திட்டா. என்னைக் கண்ட உடனே வாசல்லயே நிண்டு அழுதா. எனக்கு ஏனெண்டு விளங்கல்ல. மறுகாதான் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தா. "வகுப்பு முடிஞ்ச அண்டைக்கு எடுத்தது. உன்ட ராத்தாதான், பார். உன்னட்ட ஒண்டும் இல்லையெண்டு கேள்விப்பட்டன், அதுதான் கொண்டு வந்தன்" எண்டா.

நீங்களும் அவவும் கையைக் கோத்துக்கொண்டு நிக்கிறீங்க. முக்காடு தோளில விழுந்து கிடக்கு. நீங்க வாயைத் திறந்து சிரிக்கிறீங்க.

ராத்தா, ஹஸ்னாட காது உங்கட காது இல்ல. நாடியும் இல்ல, புருவமும் இல்ல. ஒண்டுமே பொருந்தல்ல! ஒரு வருசத்துக்கு மேல நான் ஆரைச் சேத்துக்கொண்டிருந்தன்? அந்தப் படத்தில இருக்கிறது அப்பிடியே நான். என்ட கண், என்ட வாய், முன்பல்லுக்கு நடுவில இருக்கிற இடைவெளி கூட. நீங்க இருந்த காலத்தில நம்மள ஒரு மாதிரியெண்டு ஆரும் சொன்னதில்லையே. நான் அப்ப ஈர்க்குக் குச்சி. எப்ப உங்கட முகம் எனக்கு வந்தது? கமராவை என்ட பக்கம் ஒரு நாளும் திருப்பாம விட்டிட்டன்.

படத்தைச் சாரி மடிப்புக்குள்ள வச்சன். நேத்துக் காலம்பற ஹஸ்னா ரிப்பன் தேடப் போய் எடுத்துக்கொண்டு வந்திட்டாள். எனக்குக் கையில பாதி துருவின தேங்காய், இடுப்பில சின்னவன்.

"உம்மா, இது நீங்கதானே? எவ்வளவு வடிவு நீங்க!"

நான் ஓம் எண்டு சொன்னன்.

ஏன் சொன்னன்? நேத்திலிருந்து என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறன். அவசரத்தில வந்ததெண்டு சொல்லலாம், அது பொய். வடிவெண்டு என்னை ஆரும் சொன்னதில்ல. அதுவும் அவள் கண்ணை விரிச்சுக்கொண்டு சொல்லக்குள்ள எனக்கு ஆசையா இருந்திச்சு. உங்கட வீட்டுக்காரரை எடுத்தன், உங்கட மகளை எடுத்தன். அது பெரியாக்கள் குடுத்தது. இது நானா எடுத்தது, ராத்தா.

நேத்துப் பகல் மச்சான் வயலால வந்தார். "வாப்பா, இஞ்ச பாருங்க, உம்மாட படம்!" எண்டு இவள் ஓடிப் போய் முகத்துக்கு நேர நீட்டினாள். மனிசன் அப்பிடியே நிண்டிட்டார். உங்கட முகத்தை அவரும் கண்டு எத்தனை வருசம்? மறுகா கிணத்தடிக்குப் போய் வாளி வாளியா அள்ளி முகத்தில ஊத்தினார். நான் துவாயைக் கொண்டு போய் நிண்டன்.

"அது நீயெண்டு நீயா சொன்னாய்?"

"ஓம்."

"ஏன்கா?"

"தெரியா! பத்து வயசாகட்டுமெண்டு நீங்கதானே சொன்னீங்க!" எண்டு கத்திட்டன். எனக்கு முன்கோவம் எண்டு நீங்க சொல்றது சரிதான்.

அவர் கத்தல்ல. துவாயை வாங்கி முகத்தைத் துடைச்சுக்கொண்டு சொன்னார்: "சொல்லாம விடுறது வேற. இவ்வளவு நாளும் அவ, நாம இன்னும் சொல்லாத ஒரு ஆளா இருந்தா. நேத்துவரைக்கும் இருந்தா. நீ இண்டைக்கு அவவ இல்லாமலே ஆக்கிட்டாய்."

சோறு போட்டன். அவர் சாப்பிடல்ல. நானும் சாப்பிடல்ல. ஹஸ்னா மட்டும் படத்தைப் பக்கத்தில வச்சுக்கொண்டு நல்லாச் சாப்பிட்டாள்.

நாளைக்கு அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போகப் போறாளாம், டீச்சருக்குக் காட்ட. அந்த டீச்சர் உங்களோட ஒரே வகுப்பில படிச்சவ. கண்ட உடனே ஆரெண்டு தெரிஞ்சிரும். இருவது புள்ளைக்கு நடுவில, வேற ஒரு வாயால அவளுக்குத் தெரிய வேணுமா? அது ஏலா. நாளைக்குமில்ல, இண்டைக்கே சொல்லணும். சொன்னா என்ட முகத்தைப் பாப்பாளா? பொய்க்காரி எண்டுவாளா? கூப்பிட என்ன பேர் தேடுவாள்? எனக்கு ஒண்டுமே தெரியா, ராத்தா. தெரிஞ்சிருந்தா உங்களுக்கு ஏன் எழுதுறன்?

படலைச் சத்தம் கேக்குது. வந்திட்டாள் போல.

சொல்லிருவன், இது சத்தியம். தேத்தண்ணி குடுத்து, அவள்ற பையை இறக்கி வச்சுப்போட்டு, இண்டைய படத்தை நீ எடு மகள் எண்டு கமராவை அவள்ற கையில குடுப்பன். முகத்தோட, முழுசா. ஆரு பாத்தாலும் பாக்கட்டும். உங்கட படத்தை என்ட கன்னத்தோட ஒட்டிப் பிடிச்சுக்கொண்டு அவளுக்கு முன்னால இருப்பன். ரெண்டு முகம் இருக்கு, ரெண்டு பேர் இருக்கிறம் எண்டு அவள்ற கண்ணாலயே காணட்டும். அவள் பொத்தானை அமத்தினாப் பிறகு, உன்னைப் பெத்தவ இவ எண்டு உங்களைத் தொட்டுக் காட்டுவன். கமரா பிடிச்சுப் பழகாத கை. படம் கலங்கித்தான் வரும். அதை அழிக்க மாட்டன்.

இப்பிடிக்கு,
உங்கட தங்கச்சி,
ஹஸ்னாட சாச்சி.