சூடு தெரியாத கை

1973 ஜூன் 18
டீக்கடையில் இன்று எரிகிற பீடியை இடது கைச் சுண்டுவிரலில் வைத்து அணைத்தேன். முகம் சுளிக்கவில்லை. ஐம்பது பேர் பார்த்தார்கள். பத்துப் பேருக்காவது மயக்கம் வந்திருக்கும். "சிங்காரவேலு மாமா உடம்புல ஓடுறது ரத்தமில்ல, கரண்டு" என்றான் என் அக்கா மகன் துரைராசு. உண்மைதான். இந்த வட்டாரத்தில் பம்புசெட் மோட்டாருக்கு வைத்தியன் நான் ஒருவன். படிப்பு எட்டாவதோடு சரி, ஆனால் கரண்டு என்னிடம் பேசும். இடது கையிலுள்ள வெளிறிய தேமல் மின்னல் தொட்ட இடம். நாகம்மாள் நம்பவில்லை. கட்டியவள் எதைத்தான் நம்பினாள்.

ஜூன் 21
ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை. துரைராசுவின் குறுவை நாற்று மோட்டாரை நம்பி நிற்கிறது. குத்தகைப் பதிவில் அவன் பெயர் ஏறியதிலிருந்து பண்ணையாருக்குப் பொறுக்கவில்லை. ஒரு போகம் தவறினால் குத்தகை பாக்கி என்று வெளியேற்றலாமே, அதற்குத்தான் காத்திருக்கிறார். சூடு பார்க்க, ஓடுகிற மோட்டார்மேல் இடது கையை வைத்தேன். எப்போதும் அப்படித்தான், வலது கையில் ஸ்பேனர் இருக்கும். குளுகுளுவென்று இருந்தது. "விடிய விடிய ஓடட்டும்டா" என்றேன்.

ஜூன் 22
மோட்டார் கருகிவிட்டது.

ஜூன் 23
எல்லோரும் என்னையே கேட்டார்கள். நான் தொட்டபோது பனிக்கட்டி மாதிரி இருந்த மோட்டார் தானாகவா எரியும்? பண்ணை ஆள்தான் கைவைத்திருக்க வேண்டும் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே கண்முன் தெரிந்தது: பண்ணையின் காரியக்காரர், தலையில் முக்காடு, கையில் குறடு.
"நீங்க பாத்தீங்களாண்ணே?" என்றான் விவசாயிகள் சங்கத்துப் பக்கிரி.
"பாத்தேன்னுதான் வச்சுக்கயேன்."
வச்சுக்கொண்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமை பண்ணை வாசலில் போய் நிற்பதென்று முடிவு. அங்கேயும் ஆள் சேர்க்கிறார்களாம்.

ஜூன் 26
விரல் கொப்புளத்தைப் பார்த்து நாகம்மாள் செய்த வேலை. வீடுவீடாகச் சைக்கிளில் வரும் சர்க்கார் இன்ஸ்பெக்டர் அருள்சாமியை உள்ளே கூப்பிட்டுவிட்டாள். என்ன இன்ஸ்பெக்டர் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கண்ணை மூடிக்கொண்டு, அவர் தொடுகிற இடத்தை விரல் வைத்துக் காட்ட வேண்டும். வலது கையில் எல்லாம் சரியாகக் காட்டினேன். பிறகு ரொம்ப நேரம் சும்மாவே இருந்தார்.
"தொடுங்க சார், டீ ஆறுது."
"தொட்டுக்கிட்டேதாங்க இருக்கேன்" என்றார்.

கண்ணைத் திறந்தால் பேனா முனை என் சுண்டுவிரலில் நிற்கிறது. நாகம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முழங்கைக்குப் பின்னால் நரம்பு கயிறாகத் தடித்திருக்கிறதாம். பெருநோயாம். எனக்கா குஷ்டம்? அவர் பெருநோய் இன்ஸ்பெக்டர் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

நரம்பும் ஒயர்தானே, எங்கே பியூஸ் போச்சு என்று கேட்டேன். அவ்வளவு சுலபமில்லையாம். நரம்புச் செல் ஒவ்வொன்றும் நீண்ட இழை. அதன் தோலில் பொடிப்பொடிக் கதவுகள். விரலில் சூடு பட்டால் அங்கே கதவு திறந்து, வெளியிலுள்ள உப்புச்சத்து உள்ளே பாயும். அதில் துளி மின்சாரம் எழுந்து அடுத்த கதவைத் திறக்கும், அது அதற்கடுத்ததை. இப்படியே கை, முதுகுத்தண்டு, மூளை. இமைப்பதற்குள் சேதி போய்விடும். "வயலுக்கு வயல் மடை திறக்கிற மாதிரி" என்றேன். மனுஷன் அசந்துபோயிருப்பார். கிருமி குடியேறுவது அந்த இழையைச் சுற்றிய உறையில். உறை கெட்ட ஒயர் எனக்குத் தெரியாததா? மாத்திரை தின்றால் மேற்கொண்டு பரவாது, அடுத்தவருக்கும் தொற்றாது. போன உணர்ச்சி திரும்புவது சந்தேகம்.

அப்படியானால் அன்றைக்கு மோட்டார் — குளுகுளுவென்று இருந்ததா? ஒன்றுமே இல்லாமல் இருந்ததா?

ஜூன் 28
சொன்னால் இனி எவன் வீட்டுக்குள் விடுவான்? டீக்கடையில் தனி கிளாஸ். சொல்லாவிட்டால் நாளைக்கு அரிவாள். முன்வரிசையில் துரைராசுதான் நிற்பான். என்ன எழவுடா இது. அவன் பாட்டுக்கு நிக்கிறானே, நான் சொன்னேன்னுதானே நிக்கிறான்.

ஜூன் 29
கொடிக்கம்பத்தடியில் கூட்டம். பக்கிரி வாயிலிருந்த பீடியை வாங்கி விரலில் அணைத்தேன். சிரித்தார்கள்.
"இப்பவா மாமா வித்த காட்டுவீங்க?" என்றான் துரைராசு.
"வித்தை இல்லடா. நெசமாவே தெரியல. பெருநோயாம். மோட்டார் கொதிச்சதும் இந்தக் கைக்குத் தெரியல. பண்ணையிலேருந்து ஒருத்தனும் வரல."
"பாத்தேன்னீங்களே" என்றான் பக்கிரி.
கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தார்கள். போகும்போது என்மேல் படாமல் விலகிச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

ஜூலை 3
மாத்திரை. மோட்டார் பார்க்க யாரும் கூப்பிடவில்லை.

ஜூலை 9
மாயவரத்தில் கருகிய காயிலை எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றி வந்த மோட்டார் மாட்டுவண்டியில் கிடக்க, துரைராசு வாசலில் வந்து நின்றான். பக்கத்து வயல்காரர் தண்ணீர் விட்டதில் பாதி நாற்று பிழைத்திருக்கிறது. "கெளம்புங்க மாமா" என்றான். வேறு ஆளைப் பார் என்றேன். வண்டியைத் திருப்பவில்லை.

மாட்டி ஓட்டினேன். தண்ணீர் விழுந்தது. பழக்கத்தில் இடது கை மோட்டார்மேல் போய் உட்கார்ந்தது. துரைராசு அதைப் பிடித்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் தன் கையை வைத்தான்.
"எப்படிடா இருக்கு?"
"டீ கிளாஸ் சூடு மாமா. புடிக்கலாம்."
"அப்ப ஓடட்டும்" என்றேன்.
அவன் கையை எடுக்கவில்லை.