காலை மெதுவாக நீட்டவும்

மார்ச் 3, திங்கள்

சோப்புத்தூள் பாக்கெட்டை இன்று முழுவதும் வாசித்தேன். முன்பக்கம், பின்பக்கம், ஓரத்தில் எறும்பு ஊர்வது போல இருந்ததையும் விடவில்லை. எழுபத்தொரு வயதில்! நாற்பது வருடம் சுவருக்குப் பெயிண்ட் அடித்தவன் நான். எத்தனையோ எழுத்துகளின் மேல் வெள்ளை அடித்து மறைத்திருக்கிறேன், என்ன எழுதியிருந்தது என்றே தெரியாமல். நூலகத்து வகுப்பில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. தினமும் ஒரு வரியாவது எழுதுங்கள் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். இதோ, பல வரி ஆகிவிட்டது.

மகள் ஸ்கூல் வேன் ஓட்டுகிறாள். மருமகன் கப்பலில் வேலை. வருடத்துக்கு ஒரு முறை வருவான். பேத்திகள் இரண்டு பேர். காலையில் அவளைப் பார்த்தால் எனக்கு மூச்சு வாங்கும். வாயில் வேன் சாவி, கையில் சின்னவளின் சடை, பெரியவளின் ஷூவைக் காலாலேயே தள்ளிவிடுவாள். இன்று நான் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுக்கப் போனேன்.

"அப்பா, நீங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்க. அதுவே பெரிய உதவி."

ஓரமாக நின்றேன்.

மார்ச் 4, செவ்வாய்

இன்று 'ஞ' எழுதினேன். அது எழுத்தில்லை, சிக்கு விழுந்த நூல்.

மார்ச் 6, வியாழன்

மகளுக்கு அடிபட்டுவிட்டது. மெதுவாக எழுதுகிறேன்.

மதியம் வேனிலிருந்து இறங்கும்போது ஏதோ ஒரு பிள்ளையின் சாப்பாட்டு டப்பா கீழே விழ, அதை எடுக்கத் திரும்பியிருக்கிறாள். உடம்பு திரும்பியது, படியில் மாட்டிய பாதம் திரும்பவில்லை. முட்டிக்குள் 'டப்'பென்று சத்தம் கேட்டதாம். இடது கால். கிளட்ச் மிதிக்கிற கால்.

உள்ளே இருக்கும் நார் பாதி கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். பட்டை போட்டுவிட்டார். மூன்று வாரம் அந்தக் காலில் பாரம் கூடாது, ஊன்றுகோல் வேண்டும். ஆனால் அப்படியே கிடந்தால் முட்டி இறுகிவிடும், அடுத்த வாரமே பயிற்சி ஆரம்பிக்க வேண்டும் என்றார்.

பள்ளிக்கூடத்தில் வேறு ஒரு டிரைவரைப் போட்டுவிட்டார்கள். ஏப்ரல் 28-ல் புதுப் பருவம் தொடங்குகிறது. அன்றைக்கு இவள் வந்தால் வேன் இவளுக்கு, இல்லாவிட்டால் அந்த ஆளுக்கே.

அவள் அழவில்லை. "நாளைக்கு இதுங்களுக்கு யாருப்பா சடை போடுறது?" என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 8, சனி

நான்தான் போட்டேன். பிரஷ்ஷுக்குக் கயிறு கட்டிப் பழகிய கை இது.

"தாத்தா, என் தலை ஒரு பக்கமாப் போகுது," என்றாள் சின்னவள். அவளுக்கு ஐந்து வயது, கண்ணாடி முன் நிற்க அதற்குள் ஆசை.

கட்டிலிலிருந்து ஒரே உத்தரவு. அப்பா பாட்டில்! அப்பா அடுப்பு! அப்பா அந்த நீல ஃபைல் இல்ல, பச்சை! நான் வாசலில் நின்று சொன்னேன்:

"எழுதிக் கொடு மா. இப்பல்லாம் நான் படிச்சவன்."

நெடுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு தாளில் பெரிய பெரிய எழுத்தாக எழுதிக் கொடுத்தாள். ஒன்பது வரி. ஒன்பதையும் செய்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

பிள்ளைகளைப் பள்ளிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனேன். போர்டை வாசித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. ஆனால் சரியாக வாசித்தேன். நம்ம பஸ்தான்.

மார்ச் 13, வியாழன்

மருத்துவமனையில் பிசியோ பெண் ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தாள். மகள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பாதி காதில் விழுந்திருக்காது. நான் வெளியே சின்னவளைப் பார்த்துக்கொண்டேன். வரும்போது ஒரு அச்சுத்தாள் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இந்தப் பொறுப்பு என்னுடையது.

ஆறு வரி. காலை மெதுவாக நீட்டவும். காலை மெதுவாக மடக்கவும். காலை உயர்த்தவும்... ஒவ்வொன்றும் பத்து முறை. எவ்வளவு கண்டிப்பு, பாருங்கள்! ஒரு தடவை சொன்னால் போதாதா? ஆறு வரியிலும் காலை, காலை என்று போட்டிருக்கிறார்கள். நம் ஆட்கள் சோம்பேறிகள், மத்தியானத்துக்குத் தள்ளிப்போடுவார்கள் என்று தெரிந்திருக்கிறது.

ஆறரை மணிக்கே எழுப்பிவிட வேண்டும்.

மார்ச் 19, புதன்

இன்றோடு ஆறு நாள், ஒரு நாள் தவறவில்லை. சாயங்காலம் மகள், "இப்பவும் செய்யணுமோப்பா?" என்றாள்.

"காலைன்னுதான் போட்டிருக்கு. நானே படிச்சேன்."

"அப்பாடா. நல்லதாப் போச்சு," என்று போர்வையை இழுத்துக்கொண்டாள்.

மார்ச் 27, வியாழன்

என்னத்த எழுத.

பிசியோ பெண் முட்டியை மடக்கிப் பார்த்தாள். ஒரு கருவியை வைத்து அளந்தாள். முகம் மாறிவிட்டது. "அறுபது டிகிரிதான் மடங்குது. தொண்ணூறாச்சும் வந்திருக்கணுமே. மூணு வேளையும் செய்றீங்கதானே?"

மூணு வேளையா?

"காலையில மட்டும்தாம்மா," என்றேன் நான், பெருமையாக. "தாள்ல அப்படித்தானே இருக்கு?" சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டி, விரல் வைத்து வாசித்தும் காட்டினேன். கா-லை.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டாள். "ஐயா, இது பொழுது இல்ல. கால். உங்க மக காலை."

கால், காலை. அட, ஆமாம்! எழுத்துக் கூட்டினேனே, பொருளைக் கூட்டினேனா?

ஏப்ரல் 17-க்குள் தொண்ணூறு வராவிட்டால் மயக்கம் கொடுத்து மடக்க வேண்டியிருக்குமாம். அதற்குப் பிறகும் ஒரு மாதம் ஆகும். அப்படியென்றால் வேன் போச்சு. என்னாலதான் போச்சு. பேசாம ஓரமா நின்னிருக்கலாம். யாருடா உன்னைப் படிக்கச் சொன்னது?

மார்ச் 28, வெள்ளி

வகுப்புக்குப் போகவில்லை.

மார்ச் 29, சனி

மகள் ஊன்றுகோலை ஊன்றி என் அறைக்கே வந்துவிட்டாள்.

"தினமும் பயிற்சி நேரத்துல தாள் என் தலைமாட்டுலதான் கிடந்துச்சு. எனக்குக் கண்ணு இல்லையா? நான் எடுத்துப் படிச்சேனா? உயிர் போற வலி, ஒரு வேளையோட விட்டுச்சேன்னு கமுக்கமா படுத்துக்கிட்டேன். பாதித் தப்பு என்னோடது. முழுசையும் நீங்களே எடுத்துக்காதீங்க."

"தாத்தா," என்று கதவுக்குப் பின்னாலிருந்து பெரியவள், "காலையில காலை நீட்டணும், மாலையில காலை நீட்டணும். மாலையில மாலை நீட்டினா கல்யாணம்!"

ஒன்பது வயதுக்கு இந்த வாய். மகள் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் வந்துவிட்டது.

பழைய பையைத் தேடி என் ஒட்டு நாடாவை எடுத்தேன். ஜன்னல் ஓரத்தில் பெயிண்ட் படாமல் இருக்க ஒட்டுவோமே, அது. மகளை நாற்காலியில் உட்கார வைத்து, குதிகாலைத் தரையோடு பின்னுக்கு இழுக்கச் சொன்னேன். எங்கே நின்றதோ அங்கே, தரையில் ஒட்டிய நாடாவில் ஒரு கோடு. பக்கத்தில் நானே எழுதினேன்: மா. 29. நாற்காலியின் முன்காலுக்கு நேரே கோடு வந்தால் தொண்ணூறு. கோணம் பார்க்க எனக்குக் கருவி வேண்டியதில்லை.

ஒரு சாண் தூரம் இருக்கிறது.

ஏப்ரல் 2, புதன்

மூன்று வேளை. மூன்று கோடு. மதியக் கோடு காலைக் கோட்டுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. "வீங்கியிருக்கு, அவ்வளவுதான்," என்றாள். கண்ணில் தண்ணீர். நான் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

"போதும்பா."

"இன்னும் ஒண்ணு."

"நீங்க என்னைப் பெத்தவர்தானா?"

"சந்தேகம் இருந்தா அப்புறம் பேசிக்கலாம். இழு."

சின்னவள் எண்ணுகிறாள். வேண்டுமென்றே ஏழுக்குப் பிறகு ஆறு என்கிறாள், கள்ளி.

ஏப்ரல் 9, புதன்

வகுப்புக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். டீச்சர் கரும்பலகையில் 'க' எழுதி, பக்கத்தில் அந்த நீட்டல் குறியைப் போட்டார். "இதுக்குப் பேர் தெரியுமா? துணைக்கால்."

கல்லுக்குத் துணைக்கால் கொடுத்தால் கால். வீட்டுக்கு வந்து மகளின் ஊன்றுகோலில் நாடா ஒட்டி அந்தப் பெயரை எழுதினேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்னும் நான்கு விரல்கடை தூரம்தான்.

ஏப்ரல் 17, வியாழன்

பிசியோ பெண் மடக்கினாள், அளந்தாள். மறுபடியும் அளந்தாள்.

"தொண்ணூற்று நாலு."

மகள் என் கையைப் பிடித்த பிடியில் மோதிரம் சதையில் பதிந்துவிட்டது. நாடாவைப் பற்றிச் சொன்னோம். செல்போனில் மகள் எடுத்து வைத்திருந்த தரைப் படத்தைப் பார்த்து அந்தப் பெண் எல்லாத் தேதியையும் வாசித்தாள். என் கையெழுத்தை, வெளி ஆள் ஒருவர், தடுமாறாமல்!

பிறகு ஒரு புதுத் தாள் கொடுத்தாள். 'முழங்காலை மெதுவாக நீட்டவும். தினமும் மூன்று வேளை.' "எல்லாருக்கும் இனிமே இதுதாங்க, ஐயா. மாத்திட்டோம்."

ஏப்ரல் 26, சனி

டாக்டர் சரி என்றுவிட்டார். பள்ளிக்கூட மைதானத்தில், யாரும் இல்லாத வேனில், கிளட்ச்சை இருபது தடவை மிதித்தாள். நான் பக்கத்து இருக்கையில். முகத்தைப் பார்க்கவில்லை, முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு சுற்றும் வந்தாள். பின்னால் பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஐம்பது பேர் இருப்பது போலிருந்தது.

ஏப்ரல் 28, திங்கள்

பால் வாங்கிக்கொண்டு திரும்பினேன். வேன் போயிருந்தது. பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தரையில், கடைசிக் கோட்டின் மேல், ஒரு தாள் ஒட்டியிருந்தது. என் நாடாவாலேயே. பெரிய எழுத்து இல்லை, எல்லோருக்கும் எழுதுகிற சாதாரண எழுத்து.

'அப்பா, காலை ஆறரைக்குக் காலை ஊன்றிக் கிளம்பிட்டேன். எது எந்தக் காலைன்னு உங்களுக்குத் தெரியும். இரண்டாவது சுற்றுல வந்து பிள்ளைகளை ஏத்திக்கிறேன். சின்னவளுக்கு நீங்கதான் சடை போடணுமாம், என் சடை நேரா இருக்காம், பிடிக்கலையாம். சீப்பு ஜன்னல்ல. ஓரமா நிக்காதீங்க.'

எனக்கென்று யாரும் எழுதிய முதல் கடிதம். நாலு தடவை வாசித்தேன். பிள்ளைகளை எழுப்பி, சின்னவளுக்குச் சடை பின்னியபடி ஐந்தாவது தடவை வாசிக்கும்போது வாசலில் வேன் ஹாரன்.

இதுவரை ஒரு பக்கச் சடைதான் ஆகியிருக்கிறது.