கடலில் விழுந்த கதாநாயகி

டோர்பென்,

நான்தான் ஜெயிச்சேன்! நம்ம ஊமைப்படத்துக் கதாநாயகி கடல்ல விழுந்து செத்துத்தான் போறா. இன்னைக்குத் தபால்ல வந்த டிஸ்க்ல என் கண்ணால பார்த்துட்டேன். "கல்யாணத்தோட முடியுற படம்டி அது, பின்லாந்துக்காரி உனக்குத்தான் எல்லாமே சாவுல முடியும்"னு நேத்துகூடக் கத்தினியே, இப்பப் பேசு பார்ப்போம்!

கறுப்பு ரொட்டி மேசை மேல, ஊறவச்ச மீன் ஃப்ரிட்ஜ்ல. நான் நீச்சலுக்குப் போறேன். தோத்ததை வந்தப்புறம் நேர்ல ஒத்துக்கலாம்.

ஹில்க்கா

பி.கு.: சரி, சொல்லித் தொலைக்கிறேன். அந்தக் காலத்துல ஒரே படத்துக்கு ரெண்டு விதமாக் கடைசிக் காட்சி எடுத்திருக்காங்க. அழவச்சாத்தான் அங்க ஜனங்களுக்குப் பிடிக்கும்னு ரஷ்யாவுக்குச் சாவு. அப்ப ரஷ்யாவுக்குக் கீழ இருந்த எங்க பின்லாந்துல ஓடினதும் அதுதான். உங்க டென்மார்க்குக்குக் கல்யாணம். அதுவும் டிஸ்க்ல கடைசியில இருக்கு, நான் இன்னும் பார்க்கல. நீயும் தனியாப் போட்டுடாதே. கல்யாணம்னா நான் பக்கத்துல இருக்க வேண்டாமா?