மூலிகைக் கொட்டகையின் நாற்காலி

1838, அக்டோபர் 4

புதினாக் கட்டுகளை இன்றே முடிக்க வேண்டும் என்று உத்தரவு. முடியவில்லை. லொவீனா பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஞாயிறு ஆனதும், கல்யாணமே கூடாது என்கிற எங்கள் ஷேக்கர் சபையை விட்டுப் போகிறாளாம். கல்யாணம், குழந்தை, எல்லாம் வேண்டுமாம். போகட்டும். எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல்? பொறாமைதான், வேறென்ன.

அக்டோபர் 6

லொவீனா செத்துவிட்டாள். கொட்டகையில், கட்டுக்கயிறு கழுத்தில். முதலில் பார்த்தவன் கூலிக்கு விறகு பிளக்கும் ஐரிஷ்காரன் ரோர்க். கத்திக்கொண்டு ஓடிவந்தான். ஷெரிப் வந்து அவன் கையைத்தான் கட்டினார். எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெளியாள், குடிகாரன் — வேறு யார் செய்வார்கள்?

நானும் உள்ளே போய்ப் பார்த்தேன். தரையில் கிடந்தாள், மடியில் பாதி கட்டிய புதினா. அவள் முகம் — ஐயோ. அவளுடைய நாற்காலி மட்டும் சுவர் முளையில் தலைகீழாக, ஒழுங்காக மாட்டியிருந்தது.

அக்டோபர் 7

தூக்கமில்லை. எழுந்தால் நாற்காலியை மாட்டு: சிறு வயதிலிருந்து எங்கள் கை தானாகச் செய்கிற வேலை. ரோர்க் ஒருநாளும் மாட்டியதில்லை. அதற்காக எத்தனை திட்டு வாங்கியிருக்கிறான்! லொவீனாவோ வேலை பாதியில் இருக்கும்போதே செத்தவள். அப்படியானால் மாட்டியது கொன்ற கை. எங்களில் ஒருவருடைய கை.

அக்டோபர் 19

மனதில் இருப்பதை முதலில் மூப்பரம்மாவிடம்தான் சொல்ல வேண்டும். அது சபை விதி. இன்றுதான் துணிச்சல் வந்தது. எங்கள் மூப்பரம்மா ஹல்டா அம்மாதான்; என்னை வளர்த்தவர். நாற்காலியைப் பற்றிச் சொன்னேன். தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"மாட்டினேனா? எனக்கே ஞாபகம் இல்லடி."

லொவீனா போனால் இளசுகளெல்லாம் பின்னாலேயே போய்விடும் என்று கெஞ்சப் போனாராம். அவள் சிரித்தாளாம். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த ரோர்க்குக்கு அழ ஒரு நாதி இல்ல. இங்க நூறு பேர் இருக்கோம், கெசியா. யோசிச்சுப் பாரு."

அக்டோபர் 20

யோசிக்கிறேன்.

நவம்பர் 11

ரோர்க்குக்குத் தூக்கு என்று தீர்ப்பாகிவிட்டது. இத்தனை நாளா என்னடி பண்ணிட்டிருந்த, கெசியா? அம்மா முகம், அம்மா முகம்னு — அவனுக்கு முகம் இல்லையா?

நவம்பர் 15

ஷெரிப் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஹல்டா அம்மா மறுக்கவில்லை. ஷெரிப்பின் வண்டியில் ஏறும்போது என்னைப் பார்க்கவும் இல்லை. சபையார் என் துணிமூட்டையைக் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள்.

இன்று ரோர்க்கை விட்டார்கள். பாதியாக இளைத்திருந்தான். என்னைத் தேடி வந்து நின்றான். நன்றி சொல்லப் போகிறான் என்று நினைத்தேன், வெட்கமில்லாமல்.

"நான் செய்யலன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"உன்னப் பிடிச்ச மறுநாளே."

தலையாட்டினான். தொப்பியைப் போட்டுக்கொண்டு அல்பனி நகருக்குப் போகும் சாலையில் நடந்தான். ஒரு கெட்ட வார்த்தையாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.