பாலன் பாதத்துக்கு எந்தப் பெயிண்ட்

நவம்பர் 30, ஞாயிறு

காலையிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. மனைவி ரீட்டாவுக்கு என் மேல் கோபம், மழையை நான்தான் வரவழைத்ததுபோல.

பூசை முடிந்து சர்ச்சில் குடில் கமிட்டி. கிறிஸ்துமஸ் குடிலின் பதினோரு சுரூபங்களுக்கும் இந்த வருடம் புதுப் பூச்சு. எல்லாம் ஒரு சாண் உயரப் பிளாஸ்டர் சிலைகள். பாலன் இயேசு உள்ளங்கை அளவு. பன்னிரண்டு வருடமாக அருள்தாஸ் வேலை அது, எனாமல் பெயிண்டில். தூத்துக்குடியிலிருந்து கப்பல் பட்டறைக்கு வந்தவர், இப்போது அங்கே பெயிண்டிங் சூப்பர்வைசர். எனக்கு நெருங்கிய நண்பர் என்று சொல்ல அவர் ஒருவர்தான்.

சும்மா இருந்திருக்கலாம். வீட்டு அலமாரியில் நாற்பது குட்டி விமானம் ஒட்டிப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிற திமிர், வாயைத் திறந்தேன்.

"எனாமல்லாம் பழசுலா. நாத்தம் தாங்காது. இந்த மழையில ஒரு கோட்டு காய ரெண்டு நாள். அக்ரிலிக்னா அரை மணி நேரம்."

அருள் நிதானமாக, "நல்ல பெயிண்ட்தான் சேவியர், உங்க பிளேனுக்கு. அத யாரும் தொட மாட்டாங்க. பாலனை ஊரே தொடும்."

"மேல வார்னிஷ் அடிச்சா போதும். கப்பலுக்கு அடிக்கிறத குழந்தைக்கு அடிக்காதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அருளும் சிரித்தார், கடைசியாக.

தலைவி பிலோமினா அக்கா, "அப்ப இந்த வருஷம் சேவியரே பண்ணட்டும்."

வீட்டுக்கு வரும்வரை ஒரே சந்தோஷம். அதை இங்கே எழுதவே கூச்சமாக இருக்கிறது.

டிசம்பர் 3, புதன்

வேலை முடிந்து வந்து பட்டியல் போட்டேன்.

எனாமல்: வாடை. டர்பன்டைன் வேண்டும். மெதுவாகக் காயும், அதனால் பிரஷ் தடம் தானாகப் படிந்துவிடும். நன்றாகக் காய்ந்துவிட்டால் கல்.

அக்ரிலிக்: வாடை குறைவு. தண்ணீர் போதும். தப்பாகப் போனால் அழித்துவிட்டு மறுபடி அடிக்கலாம். ரீட்டாவுக்கு ஆஸ்துமா வேறு.

ஆஸ்துமா சாக்கு. ஜன்னலைத் திறந்து வைத்தால் தீர்ந்தது.

ஏழு மணிக்கு அருள் வந்தார். அவர் வீடு சுவா சூ காங், என் வீடு பாசிர் ரிஸ், தீவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி. ஒவ்வொரு சுரூபத்தையும் தன் பழைய பனியனில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கூடவே ஒரு சின்ன டின், அவரே கலந்த தோல் நிற எனாமல்.

"இது பாதத்துக்கு மட்டும். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

வாங்கி டிராயரில் போட்டேன். டீ குடித்துவிட்டுப் போனார்.

டிசம்பர் 14, ஞாயிறு

முடிந்தது. மாதாவின் முக்காட்டில் மூன்று நீலம். பாலன் கன்னத்தில் சிவப்பு தெரிந்தும் தெரியாமலும். கமிட்டி குரூப்பில் படம் போட்டேன், ஆளாளுக்குப் பாராட்டு. அருளிடமிருந்து ஒரு கட்டைவிரல்.

டின்னைத் திறக்கவே இல்லை. பாதம் மட்டும் வேறு பளபளப்பில் இருந்தால் அசிங்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டிசம்பர் 25, வியாழன்

வெயில். காலைத் தமிழ்ப் பூசை, உட்கார இடமில்லை.

பூசை முடிந்ததும் பாலன் பாதத்தை முத்தி செய்ய வரிசை. கோவிட்டுக்குப் பிறகு ஒவ்வொரு முத்தத்துக்கும் ஒரு துடைப்பு, சானிடைசர் நனைத்த துணியால். எனக்குத் தெரியாதா? வருடா வருடம் அந்த வரிசையில் நிற்பவன்தானே. விமானத்தில் தப்பாக அடித்த அக்ரிலிக்கை நான் அழிப்பதும் ஸ்பிரிட்டால்தான். சானிடைசரில் இருப்பதும் அதே ஸ்பிரிட். இரண்டும் தெரிந்திருந்தும் ஒன்றாகச் சேர்த்து யோசிக்கவில்லை.

பத்துப் பேர் தாண்டுவதற்குள் துணி இளஞ்சிவப்பு. வார்னிஷும் அக்ரிலிக், அதுவும் சேர்ந்து போனது. ஒரு குழந்தையின் உதட்டில் பெயிண்ட், அம்மா சேலைத் தலைப்பால் துடைக்கிறாள். ஃபாதர் வரிசையை நிறுத்திவிட்டார். பாலனுக்குக் கால்விரல் இருந்த இடத்தில் வெறும் பிளாஸ்டர் வெள்ளை.

பிறகு கீழே காப்பி. ஃபாதர் போன வருடம்தான் இங்கே வந்தவர். குடில் பெயிண்ட் என்றால் அருள்தாஸ் என்று மட்டும் தெரியும். பத்துப் பேர் முன்னால், சிரித்தபடிதான் சொன்னார்.

"அருள்தாஸ், அடுத்த வருஷம் கொஞ்சம் நல்ல பெயிண்டா பாருங்க. பிள்ளைங்க வாயில படுது."

அருள் என்னைப் பார்த்தார். நான் சர்க்கரை போடாத காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"சரி ஃபாதர்," என்றார்.

டிசம்பர் 27, சனி

அருளுக்கு மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

ரீட்டா, "நீங்கதான் அடிச்சீங்கன்னு ஃபாதர்கிட்ட சொன்னீங்களா இல்லையா?"

"சொல்ல நேரம் அமையல."

"ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் வேணும் உங்களுக்கு?"

வெட்கமாக இருக்கிறது. சூப்பர்வைசர் மனுஷன், பெயிண்டில்தான் அவர் பிழைப்பும் மரியாதையும்.

ஜனவரி 3, சனி

மழை. சுவா சூ காங் போனேன், சொல்லாமல்.

அருள்தான் கதவைத் திறந்தார். காரிடாரில் செய்தித்தாள் விரித்து அதன் மேல் பாலன். பழைய பூச்சையெல்லாம் எடுத்துவிட்டு எனாமல் அடித்திருந்தார், கடைசிக் கோட்டு ஈரமாக மின்னியது. ஃபாதரிடம் தானே கேட்டு வாங்கி வந்தாராம்.

நல்ல வேலை. என்னுடையதைவிட நல்ல வேலை. அதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"கோவமா அருள்?"

"அன்னைக்குக் காப்பி முடியிற வரைக்கும் பாத்துட்டே இருந்தேன் சேவியர். இப்ப சொல்லுவீங்க, இப்ப சொல்லுவீங்கன்னு."

"நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

"உங்க இஷ்டம்."

டீ வந்தது. அவர் மகள் படிப்பு, என் முட்டி வலி. கிளம்பும்போது எப்போதும் லிஃப்ட் வரை வருவார். இன்று வாசலிலேயே, "பாத்துப் போங்க."

ஜனவரி 4, ஞாயிறு

மூவரசர் திருநாள். காப்பி நேரத்தில் ஃபாதரிடம் சொன்னேன், எல்லாருக்கும் கேட்கிற குரலில். நான்தான் அடித்தேன், அருள் வேண்டாம் என்று சொன்னார், அவர் கொடுத்த பெயிண்டையும் நான் தொடவில்லை. ராத்திரி முழுக்கக் கோத்து வைத்த வாக்கியங்கள்.

ஃபாதர் சிரித்தார். "இவ்வளவுதானா? இதுக்கா முகம் இப்படி இருக்கு?" யாரோ முதுகில் தட்டினார்கள். "ஒத்துக்க ஒரு மனசு வேணும்லா," என்றார் ஒருவர். இரண்டு பேர் கைகூடக் கொடுத்தார்கள்.

அருளைத் தேடினேன். காணவில்லை. பிலோமினா அக்காவிடம் கேட்டேன்.

"காலையில ஏழு மணிக்கே வந்து பாலனை வச்சுட்டுப் போயிட்டாரே. இனிமே வீட்டுப் பக்கத்து சர்ச்சுக்கே போறாராம், இங்கிலீஷ் பூசைக்கு. உங்ககிட்ட சொல்லலியா?"

"வேற ஏதாவது சொன்னாரா அக்கா?"

"பெயிண்ட் இன்னும் முழுசா காயல, ரெண்டு நாளைக்கு யாரும் தொட வேணாம்னு சொன்னாரு."

பக்கத்தில் நின்றவர் இன்னும் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தார்.