சாலம்மாளின் குப்பி

12.6.1986
ராஜாமணி சிஸ்டர் மறுபடியும் மல்லிகைப் பொட்டலத்தை லேப் ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறாள். எடுத்து வெளியே போட்டேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு திரியட்டும்.

வத்தல்மலையிலிருந்து காமாலையோடு சாலம்மாள் என்ற பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். வயிற்றில் ஏழு மாதம். ரத்தம் எடுத்து, உறைந்தபின் மேலே தெளிந்த சீரத்தை இரண்டு குப்பிகளில் பிரித்தேன். ஒன்று சென்னைக்கு. ஒன்று இங்கே ஃப்ரீசரில்.

14.6.1986
சாலம்மாள் போய்விட்டாள். வயிற்றுப் பிள்ளையும்.

9.7.1986
சென்னையிலிருந்து பதில். ஏ வகைக் காமாலை இல்லை, பி-யும் இல்லை. வேறு ஏதோ கிருமியாம். அதற்கு இன்னும் சோதனையே வரவில்லையாம். மீதியை உறைநிலையில் பாதுகாக்கவும் என்கிறார்கள். எத்தனை வருஷம்? அதைச் சொல்லவில்லை.

21.7.1986
சாலம்மாளின் புருஷன் தீர்த்தன் வந்தார். லேப் வாசலிலேயே நின்றார்.

"அவ ரத்தம் இங்க இருக்குதாமே. குடுத்துருங்கம்மா, அவளோட சேத்துப் பொதைக்கணும். பாதி அங்க பாதி இங்கன்னு கெடந்தா அவ எப்படிங்க அடங்குவா?"

போனவர்களின் மையித்தை முழுசாக மண்ணில் சேர்க்க எங்கள் வீட்டில் மட்டும் துடிக்க மாட்டோமா? குப்பியை எடுத்துக் காட்டினேன். கை நீட்டினார். "தொடாதீங்க, கைச்சூடு பட்டா கெட்டுடும்" என்றேன். சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"ரத்தம்னா செவப்பால்ல இருக்கும்?"

தெளிந்த நீர் மட்டும்தான் என்று விளக்கினேன். உறைந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசில அவ கண்ணு இப்படித்தாங்க இருந்துச்சு."

கொடுத்துவிடத்தான் மனசு சொன்னது. ஆனால் சொன்னேன் — அந்தக் கிருமியை என்றைக்காவது கண்டுபிடிப்பார்கள், அன்றைக்கு இது இருந்தால்தான் அவள் எதனால் போனாள் என்று தெரியும், மலையில் இன்னும் பிள்ளைத்தாச்சிகள் இருக்கிறார்களே என்று.

"தம்பி பொண்டாட்டி முழுகாம இருக்கறா" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

22.7.1986
சரியாத்தான் செஞ்சேனா? அடுத்தவர் பெண்டாட்டியைப் பூட்டி வைக்க நான் யாரு?

14.11.1986
விடாத மழை. நேற்றிலிருந்து கரண்ட் இல்லை. ஃப்ரீசர் சொட்டத் தொடங்கிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது — இதற்காகவா அந்த மனிதரை வெறுங்கையோடு அனுப்பினேன்?

ஐஸ் வாங்க நானே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் தீர்த்தன். தோளில் ஈரச் சாக்கு.

"ஊரெல்லாம் கரெண்டு இல்லீன்னு சந்தையில சொன்னாங்க. ஐஸ் கம்பெனில வாங்கியாந்தேன். உப்புப் போட்டா இன்னும் ஜில்லுன்னு நிக்குமாமே, ஐஸ்காரர் சொன்னாரு." துண்டு முடிச்சில் கல்லுப்பு.

"தம்பி சம்சாரம்?"

"நல்லாருக்கறா. தெனம் அவ கண்ணப் பாத்துட்டுத்தான் காட்டுக்குப் போறேன்."

தெர்மாகோல் பெட்டியில் ஐஸை உடைத்துப் போட்டு உப்பைத் தூவினோம். ஃப்ரீசரிலிருந்து குப்பியை எடுத்தேன், உறைந்தேதான் இருந்தது. ஒருமுறை அவரே வைக்கட்டும் என்று, துணி சுற்றி நீட்டினேன்.

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என் கை சூடுங்கம்மா. நீங்களே வைங்க."